ஹாக்வார்ட்ஸ் மாணவர்கள் தொப்பி போடுகிறார்களா, இல்லையா?

கேள்வி: கதைசொல்லி சித்தி

வணக்கம். எங்கள் வீட்டில் ஒரு வாரமாக ஒரே பஞ்சாயத்து. என் அக்கா மகளுக்கு 11 வயது. மாறுவேட நாளுக்கு ஹாரி பாட்டர் கதையில் வரும் மந்திரப் பள்ளியான ஹாக்வார்ட்ஸின் மாணவியாகப் போகப் போகிறாள். கறுப்பு அங்கியை நானே தைத்துக் கொடுத்துவிட்டேன். மந்திரக்கோல் தயார். தொப்பியில்தான் வந்து நிற்கிறோம்.

அவள் ஹாரி பாட்டர் புத்தகங்களைப் படித்தவள். முதல் புத்தகத்தில் ஹாரிக்கு வரும் கடிதத்தில் சீருடைப் பட்டியலிலேயே கூர்முனைத் தொப்பி இருக்கிறது, அது இல்லாமல் போனால் அரைகுறை வேஷம் என்கிறாள். அவள் அண்ணனுக்கு 15 வயது. அவன் படங்களை மட்டும் பார்த்தவன். “எட்டுப் படம் பார்த்திருக்கேன் சித்தி, ஹெர்மயனி தலையில தொப்பியைப் பார்த்த ஞாபகமே இல்லை. இவ தொப்பி போட்டுட்டுப் போனா எல்லாரும் சூனியக்காரக் கிழவின்னுதான் நினைப்பாங்க” என்கிறான். அதைக் கேட்டதும் இவள் அழுதுவிட்டாள்.

நான் சும்மா சமாதானம் சொல்ல விரும்பவில்லை. சரி, பார்த்தே விடுவோம் என்று முதல் புத்தகத்தை எடுத்தேன். அவள் சொன்னது உண்மை. சாதாரணக் கறுப்பு அங்கி மூன்று, பகலில் அணியக் கூர்முனைக் கறுப்புத் தொப்பி ஒன்று, டிராகன் தோலிலோ அது போன்ற ஒன்றிலோ செய்த பாதுகாப்புக் கையுறை ஒரு ஜோடி, வெள்ளிக் கொக்கி வைத்த குளிர்கால மேலங்கி ஒன்று. எல்லாத் துணியிலும் பெயர் எழுதிய பட்டை இருக்க வேண்டும் என்றும் போட்டிருக்கிறது.

ஆனால் அதற்கப்புறம் தொப்பியைத் தேடித் தேடிப் பக்கம் புரட்டுகிறேன், முதல் புத்தகம் முழுக்க மாணவர் யாரும் அதைத் தலையில் வைத்ததாகக் கண்ணில் படவில்லை. கடைசிப் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தையும் பார்த்தேன். 19 வருடம் கழித்து ரயில் நிலையத்தில் ஹெர்மயனியின் மகள் ரோஸ் புத்தம்புது அங்கியோடு நிற்கிறாள். அங்கியைச் சொன்னவர் தொப்பியைச் சொல்லவே இல்லை.

இடையில் எங்காவது அந்த வழக்கத்தை எடுத்துவிட்டார்களா? இல்லை, கதையில் இன்றைக்கும் அந்தப் பிள்ளைகள் தொப்பி போடுகிறார்களா? புத்தகங்களை நன்றாகப் படித்தவர்கள் சொல்லுங்கள். அவளிடம் போய் இதுதான் உண்மை என்று சொல்ல வேண்டும்.

பதில்: திரைச்சீலை

அக்கா, தம்பி எட்டுப் படமும் பார்த்ததாகச் சொல்வது சரி. ஆனால் முதல் படத்தின் கடைசி விருந்தை அவன் மறந்துவிட்டான். 2001இல் வந்த அந்தப் படத்தை மறுபடி போட்டுக் காட்டுங்கள். பெரிய ஹாலில் எல்லாருமே கூர்முனைக் கறுப்புத் தொப்பியோடுதான் உட்கார்ந்திருப்பார்கள். ஹாரியின் பிரிவான கிரிஃபிண்டோருக்குக் கோப்பை என்றதும் தொப்பிகள் மேலே பறக்கும். ஹாரி, அவன் நண்பர்கள் ரான், ஹெர்மயனி மூவர் தலையிலும் இருக்கும்.

2004இல் வந்த மூன்றாவது படத்தில் இயக்குநர் மாறினார். அல்ஃபோன்சோ குவாரோன் வந்தார். உடை வடிவமைப்பும் ஜானி டெமீம் கைக்குப் போனது. அப்போதிருந்து பிள்ளைகள் டையைத் தளர்த்திவிட்டு, ஓய்வு நேரத்தில் ஜீன்ஸும் ஹூடியுமாகத் திரிவார்கள். அந்தத் தோற்றம்தான் எல்லார் மனதிலும் நின்றுவிட்டது. ஒரு குழந்தையின் முகத்தில் வருகிற மாற்றத்தைக் கேமரா பிடிக்க வேண்டுமென்றால் தொப்பியின் அகலமான விளிம்பு நிழல் போடக் கூடாது, அதனால்தான் அதை விட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். படத்தில் இல்லை என்பதால் அந்தப் பள்ளியில் இல்லை என்று ஆகிவிடாது.

பதில்: ஓரக்குறிப்பு

உங்கள் அக்கா மகள் கேட்பது அருமையான கேள்வி. அவளிடம் சொல்லுங்கள், இதே கேள்வியோடு நான் ஏழு புத்தகங்களையும் ஒருமுறை படித்திருக்கிறேன். பென்சிலும் கையுமாக, தொப்பி வரும் இடத்திலெல்லாம் ஓரத்தில் ஒரு சின்ன முக்கோணம் போட்டுக்கொண்டே போனேன். எனக்குக் கிடைத்ததை அப்படியே சொல்கிறேன்.

முதலில், முதல் புத்தகத்தில் ஏன் யார் தலையிலும் இல்லை? ரயிலில் ஹாரியும் ரானும் உடை மாற்றும் இடத்தை நிதானமாகப் படியுங்கள். ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுக் கறுப்பு அங்கியைப் போட்டுக்கொள்கிறார்கள். ரானுடைய அங்கி சற்றுக் குட்டையாக இருப்பதால் கீழே அவன் காலணி தெரிகிறது. அது வரைக்கும் சொல்கிற ஆசிரியர் தொப்பியைச் சொல்லவில்லை. பிறகு, பெட்டிகளை ரயிலிலேயே விட்டுவிடுங்கள், தனியாகப் பள்ளிக்கு வந்து சேரும் என்று அறிவிப்பு வருகிறது. என் கணக்குப்படி புதுப் பிள்ளைகளின் தொப்பி அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது.

இதற்கு உறுதியான சாட்சி அடுத்து வருகிறது. ஹாலுக்குள் போவதற்கு முன் ப்ரொஃபசர் மெகானகல் எல்லாரையும் கொஞ்சம் சீர்படுத்திக்கொள்ளச் சொல்கிறார். நெவிலின் மேலங்கி இடது காதுக்குக் கீழே கோணலாக மாட்டியிருக்கிறது. ரானின் மூக்கில் அழுக்கு. ஹாரி பதற்றத்தோடு தன் தலைமுடியைப் படிய வைக்கப் பார்க்கிறான். தலையில் தொப்பி இருந்தால் முடியைப் படிய வைப்பானா? தொப்பியைத்தான் சரிசெய்வான். ஆக, முதல் வருடப் பிள்ளைகள் வெறும் தலையோடுதான் ஹாலுக்குள் நுழைகிறார்கள். நுழைந்ததும் அவர்கள் தலையில் ஏறும் முதல் தொப்பி, அவர்களை ஹவுஸ்களாக, அதாவது பள்ளியின் மாணவர் பிரிவுகளாக, பிரிக்கிற அந்தப் பழைய, ஒட்டுப்போட்ட, பேசும் தொப்பி. அதற்குப் பிறகுதான் சொந்தத் தொப்பி. இப்படி ஒரு வழக்கம் இருப்பதாகப் புத்தகம் எங்கும் சொல்லவில்லை, இது என் ஊகம். ஆனாலும் எனக்கு ரொம்பப் பிடித்த ஊகம்.

இரண்டாவது புத்தகத்துக்கு வாருங்கள். ஹாரியும் ரானும் பறக்கும் காரில் வந்து மரத்தில் மோதிவிட்டு, இருட்டில் ஜன்னல் வழியாக ஹாலை எட்டிப் பார்க்கிறார்கள். ஹாரிக்கு உள்ளே என்ன தெரிகிறது? ஒரு காடு போல அடர்ந்து நிற்கும் கூர்முனைக் கறுப்புத் தொப்பிகள். அந்தத் தொப்பிகளுக்கு ஊடாகத்தான் பயந்த முகத்தோடு வரிசையில் வரும் புதுப் பிள்ளைகள் தெரிகிறார்கள். அந்த வரியில் நான் போட்ட முக்கோணம்தான் எல்லாவற்றிலும் பெரியது. பத்திருபது பேர் தலையில் இருந்தால் யாரும் காடு என்று எழுத மாட்டார்கள். பள்ளி முழுக்கத் தொப்பியோடு உட்கார்ந்திருக்கிறது. அதுவும் கட்டடத்துக்குள், இரவு விருந்தில்.

இங்கேதான் ஒரு சிக்கல். கடிதம் ‘டே வேர்’ என்று சொல்கிறதே, பகலுக்கான தொப்பியை ராத்திரி ஏன் போட்டிருக்கிறார்கள்? நீங்களும் பகலில் அணிய என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். நானும் பல நாள் அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தேன். வெயிலில் போடுவது போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் அந்தச் சொல் சூரியனைப் பற்றியது இல்லை. விசேஷ உடைக்கு எதிர்ப்பதமாக, அன்றாடம் போடுகிற உடையை அப்படிச் சொல்வார்கள். நான்காவது புத்தகத்தில் சாமான் பட்டியலில் விருந்து அங்கி என்று தனியாக ஒன்று சேர்கிறது பாருங்கள். ரானுக்குக் கிடைத்த அந்தப் பழைய லேஸ் வைத்த அங்கி. அதோடு ஒப்பிட்டால் இது சாதாரணத் தொப்பி. எனவே ‘அன்றாடத் தொப்பி’ என்று மாற்றிப் படியுங்கள், சிக்கல் தீர்ந்துவிடும்.

நான்காவது புத்தகத்தில் இன்னொரு இடம். அக்டோபர் 30, மாலை. வெளிநாட்டுப் பள்ளிகள் இரண்டும் வரப்போகின்றன, கோட்டை வாசலில் எல்லாரும் வரிசையாக நிற்கிறார்கள். மெகானகல் வரிசையைப் பார்வையிட்டுக்கொண்டே வருகிறார். ரானிடம் தொப்பியை நேராக வை என்கிறார். பார்வதி பாட்டீலின் பின்னலில் இருந்த பெரிய வண்ணத்துப்பூச்சி அலங்காரத்தை எடுக்கச் சொல்கிறார். இந்த ஒரு காட்சியே எனக்குப் போதும். தொப்பி எங்கே என்று கேட்கவில்லை, நேராக வை என்றுதான் சொல்கிறார். அதாவது, தொப்பி தலையில் இருப்பது அங்கே பேசப்பட வேண்டிய விஷயமே இல்லை. கோணலாக இருந்ததால் மட்டுமே நமக்குத் தெரியவருகிறது. அன்றைக்கு ரான் அதை நேராக வைத்திருந்தால் இந்தச் சாட்சியும் நமக்குக் கிடைத்திருக்காது!

அதனால் கதை தொப்பியைச் சொல்லாத இடத்திலெல்லாம் தொப்பி இல்லை என்று முடிவுகட்ட முடியாது. அதே சமயம், எப்போதும் தலையில் இருந்தது என்றும் சொல்ல மாட்டேன். வகுப்பில் ஹெர்மயனியின் அடர்ந்த முடியும், ரானின் வீஸ்லி குடும்பத்தாரின் சிவப்பு முடியும், ஹாரியின் அடங்காத முடியும் ஓயாமல் வந்துகொண்டே இருக்கின்றன. துடைப்பத்தில் பறக்கும்போது கூம்புத் தொப்பி தலையில் நிற்காது. என் முடிவு இதுதான்: விருந்துக்கும் விருந்தாளிகளை வரவேற்கவும் கட்டாயம் தலையில் இருக்கும். மற்ற நேரத்தில் அறையிலோ பெட்டியிலோ கிடக்கும். வழக்கம் எடுக்கப்படவே இல்லை.

பதில்: கதைசொல்லி சித்தி

ஓரக்குறிப்பு, நீங்கள் எழுதியதை அவளுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். தலைமுடியைப் படிய வைக்கும் இடம் வந்ததும் ஓடிப்போய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்து சரிபார்த்துவிட்டாள். அவள் அண்ணனும் முதல் படத்தின் கடைசிக் காட்சியைப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டான். ஆனாலும் ஒரு கேள்வி கேட்கிறான், நியாயமான கேள்விதான். நான்காவது புத்தகத்துக்கு அப்புறம் மூன்று புத்தகங்கள் இருக்கின்றனவே, அதற்குள் விதியை மாற்றியிருக்கலாம் இல்லையா?

பதில்: ஓரக்குறிப்பு

மாற்றியிருந்தால் அதற்கு மிகப் பொருத்தமான ஆள் ஐந்தாவது புத்தகத்தில் வரும் ஆசிரியை அம்ப்ரிட்ஜ். எதற்கெடுத்தாலும் ஆணை போட்டுச் சுவரில் மாட்டும் ஆள். மாணவர் சங்கங்களைக் கலைக்க ஒரு ஆணை, ஆசிரியர்கள் பாடத்தைத் தவிர வேறெதுவும் பேசக் கூடாது என்று ஒரு ஆணை, ஒரு பத்திரிகையைக் கையில் வைத்திருந்தாலே பள்ளியை விட்டு நீக்க ஒரு ஆணை. நமக்குக் காட்டப்படும் ஆணைகளில் தொப்பியைத் தொட்டது ஒன்றுகூட இல்லை. அப்படிப்பட்டவர் காலத்திலேயே மாறவில்லை என்றால் வேறு யார் மாற்றியிருப்பார்கள்?

ரோஸின் புது அங்கியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதுவும் ரயிலேறும் முன் நடப்பதுதானே. ஹாரியின் முதல் பயணத்தைப் போலவே இவளுடைய தொப்பியும் பெட்டிக்குள் இருந்திருக்கும் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

படத்தில் வருகிற ஹவுஸ் நிறமும் டையும் கடிதத்தின் பட்டியலில் கிடையாது என்பதையும் தம்பியிடம் சொல்லுங்கள். இரண்டாவது புத்தகத்தில் ஹாரியும் ரானும் உருமாறி ஸ்லிதரின் ஹவுஸின் அறையைத் தேடி அலையும்போது, எதிரே வந்த ஒரு பெண்ணை ஸ்லிதரின் என்று நினைத்து வழி கேட்கிறார்கள். அவளோ ரேவன்க்ளா என்ற வேறொரு ஹவுஸ். அங்கியில் நிறம் இருந்திருந்தால் பார்த்த உடனேயே தெரிந்திருக்காதா? ஆக, புத்தகத்தின்படி போகிறவளுக்குத் தொப்பி உண்டு, டை கிடையாது.

பதில்: கல்மண்டபம்

கதைக்கு வெளியே இருந்து ஒன்று சொல்லலாமா? விதியில் தொப்பி இருந்தும் அது தலையில் இல்லாமல் போவது நிஜத்திலும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தேர்வு எழுதப் போகும்போது கறுப்பு அங்கியும் சதுரத் தொப்பியும் வேண்டும். ஆனால் கட்டடத்துக்குள் தொப்பியைப் போட மாட்டார்கள், கையில் பிடித்துக்கொண்டு போவார்கள். பட்டம் பெறாதவர்கள் அதைத் தலையில் வைக்கக் கூடாது என்று மாணவர்களிடையே ஒரு நம்பிக்கையும் உண்டு. இந்த உடை தேவையா என்று 2015இல் மாணவர்களிடமே வாக்கெடுப்பு நடந்தது. முக்கால்வாசிக்கும் மேல் இருக்கட்டும் என்றே வாக்களித்தார்கள். கட்டாயத்துக்காக மட்டும் அதைப் போடவில்லை, அந்த உடை மேல் அவர்களுக்குப் பிரியம் இருக்கிறது.

இங்கிலாந்தின் ஹாரோ பள்ளியில் பிள்ளைகள் இன்றும் வைக்கோல் தொப்பி வைத்திருக்கிறார்கள். ஈட்டன் பள்ளியில் உயரமான பட்டுத் தொப்பி இரண்டாம் உலகப் போர்க் காலத்தோடு போய்விட்டது, வால் வைத்த கோட்டு மட்டும் நின்றுவிட்டது. ஹாக்வார்ட்ஸ் இப்படிப்பட்ட பழைய உறைவிடப் பள்ளிகளின் சாயலில் வந்தது. அதனால் அங்கும் தொப்பி பாதி நேரம் கையிலோ கக்கத்திலோ இருந்திருக்கும் என்று கற்பனை செய்வதில் எனக்குத் தடையே இல்லை.

பதில்: ஊசிநூல்

போடலாமா வேண்டாமா என்பது முடிந்துவிட்டது போலிருக்கிறது. இனி எப்படிச் செய்வது என்பதைச் சொல்கிறேன். குழந்தைகளுக்கு இந்தத் தொப்பி நிறையச் செய்திருக்கிறேன். ‘கிழவி’ என்று தம்பி சொன்னதற்குக் காரணம் பெரும்பாலும் அளவுதான். கடையில் வருவது ரொம்ப உயரம், விளிம்பும் ரொம்ப அகலம், மின்னுகிற துணி. கடிதத்தில் சொன்னது வெறும் சாதாரணக் கறுப்பு. அதை மனதில் வைத்துச் செய்தால் பள்ளிப் பிள்ளை போலவே இருக்கும்.

நெற்றிக்கு மேலே டேப் சுற்றித் தலையளவு எடுங்கள். 53 செ.மீ. வந்தால் 1 சேர்த்து 54 என்று வையுங்கள். உயரம் 30 போதும். அப்படியென்றால் கூம்பின் அடி வட்டத்தின் ஆரம் 8.6, சாய்வான பக்கம் 31 சொச்சம். அட்டையில் 31 செ.மீ. ஆரத்துக்கு வளைவு போட வேண்டும். அவ்வளவு பெரிய கவராயம் யாரிடமும் இருக்காது, நூலின் ஒரு முனையில் பென்சிலைக் கட்டி மறுமுனையை விரலால் அழுத்திக்கொண்டு வரையுங்கள். பாகைமானி வைத்து 99 பாகைக்குக் கோடு போட்டு வெட்டுங்கள். ஒட்டுவதற்கு ஒரு பக்கம் ஒன்றரை செ.மீ. கூடுதலாக விடுங்கள். சுற்றி ஒட்டினால் அடி சரியாகத் தலைக்கு வந்து உட்காரும்.

விளிம்பில்தான் எல்லாரும் தவறு செய்வார்கள். நடுத் துளையைத் தலையளவுக்கே வெட்டிவிட்டால் கூம்பை எதில் ஒட்டுவீர்கள்? 8.6 ஆரத்தில் ஒரு வட்டம் வரைந்துகொண்டு, அதற்கு உள்ளே 7.1 ஆரத்தில் இன்னொன்று வரைந்து, உள் வட்டத்தைத்தான் வெட்டி எடுக்க வேண்டும். பிறகு உள்ளிருந்து வெளி வட்டக் கோடு வரை விரலகலத்துக்கு ஒரு வெட்டு என்று சுற்றிலும் வெட்டினால் பல் பல்லாக வரும். அந்தப் பற்களை மேலே மடித்துக் கூம்புக்குள் ஒட்டுங்கள். விளிம்பின் வெளி ஆரம் 15 போதும். மேலே கறுப்புக் காட்டன் துணியை இழுத்து ஒட்டுங்கள், சாட்டின் வேண்டவே வேண்டாம். நுனியை ஒரு தடவை லேசாக வளைத்து விடுங்கள். தினமும் பெட்டிக்குள் திணித்து எடுத்த தொப்பி அப்படித்தான் இருக்கும்.

பதில்: கதைசொல்லி சித்தி

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி மூன்று பேருமாக உட்கார்ந்து செய்து முடித்தோம். நூலை விரலால் அழுத்திப் பிடித்தவன் அவள் அண்ணன், வளைவு துளிகூடப் பிசகவில்லை. விளிம்பைப் பல் பல்லாக வெட்டியது அவள். துணி ஒட்டும்போது நுனிக்குப் பக்கத்தில் ஒரு சுருக்கம் விழுந்துவிட்டது. பிரித்து ஒட்டவா என்று கேட்டேன், வேண்டாம், ஊசிநூல் அத்தை சொன்ன மாதிரி பெட்டியில் இருந்த தொப்பி என்றாள்.

டையைக் கழற்றி அண்ணனிடமே கொடுத்துவிட்டாள். ஹாலுக்குள் நுழையும்போது தொப்பியைக் கையில்தான் வைத்திருப்பாளாம், தன் பெயரைக் கூப்பிட்ட பிறகுதான் தலையில் வைப்பாளாம். இப்போது தொப்பியின் உள்பக்கம் வெள்ளைப் பட்டையில் பெயரை எழுதி வைத்துக்கொண்டு, அதைத் தைத்துக் கொடு சித்தி என்று பக்கத்தில் நிற்கிறாள்.